வந்தேன், வாரேன், வந்தேன்

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

வேலையில் சேர்ந்து இரண்டாம் நாள். அடையாள அட்டை வந்துவிட்டது. அதில் என் பெயர் ‘மதுமதி மதுமதி’.

நேற்று அட்டைக்கு விவரம் கேட்டவர் “சர்நேம், மேடம்?” என்றார். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது, முன்னால் ஓர் இனிஷியல் போட்டால் முடிந்தது என்றேன். “சிஸ்டம் மானேகா நஹி” என்றார். வெறும் பெயரை அவர் கம்ப்யூட்டர் ஏற்காதாம். அப்படியென்றால் நீங்களே எதையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். போட்டுக்கொண்டார்!

வீட்டுக்காரர் குணா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரிக்கிறார். “ஒரு மதுமதியவே சமாளிக்க முடியல. இப்ப ரெண்டா?”

சிரிக்கட்டும். ரோஹிணி பிறந்தபோது விட்ட வேலை. அவள் இப்போது இரண்டாம் வகுப்பு. இத்தனை வருஷம் கழித்து ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. மூன்று மாதம் ப்ரொபேஷன். அதற்குப் பிறகு வைத்துக்கொண்டால் பிழைத்தேன். “பரவாயில்லை, நீங்கள் போகலாம்” என்று சொல்லிவிட்டால், முப்பத்தெட்டு வயதில் இன்னொரு முறை யார் கூப்பிடப் போகிறார்கள்? இதை இங்கே ஒரு தடவை எழுதியாயிற்று. தினம் எழுதிப் புலம்ப மாட்டேன்.

11 செப்டம்பர், வியாழன்

“அப்படி என்னதான் வேலை?” என்றார் குணா, சப்பாத்தி தேய்த்துக்கொண்டே. (வியாழக்கிழமை சப்பாத்தி அவர் பொறுப்பு.) அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். எனக்கே புரிந்ததா என்று பார்க்க.

டெல்லிப் பள்ளிகளின் நர்சரி அட்மிஷனுக்கு அப்பா அம்மாக்கள் கம்ப்யூட்டரில் நிரப்புகிற பக்கங்களை எங்கள் கம்பெனி செய்கிறது. வெளியே விடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஆயிரம் விதமாகச் சோதிக்க வேண்டும். நிஜ பிரவுசரில் செய்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஒரு பொய் பிரவுசர் வைத்திருக்கிறார்கள். அதற்குத் திரை கிடையாது, பார்க்கிற ஆள் கிடையாது. ஆனால் தன்னை ஒரு பிரவுசர் என்றே அது நம்பிக்கொண்டிருக்கிறது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது அது என் தலையில்.

பக்கத்தில் இருக்கிற பட்டன், பெட்டி போன்றவற்றுக்கு எலிமென்ட் என்று பெயர்; அவை எல்லா பிரவுசருக்கும் தெரியும். அதற்கு மேல் நாமே பெயர் வைத்து நம் சொந்த எலிமென்டுகளையும் செய்துகொள்ளலாம். செய்த பிறகு, அவற்றின் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று பிரவுசர்தான் அவற்றுக்குச் சொல்ல வேண்டும். நீ பிறந்துவிட்டாய், நீ பக்கத்துக்குள் வந்துவிட்டாய், உன் குணம் மாறிவிட்டது, நீ பக்கத்தை விட்டுப் போய்விட்டாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு. வந்த அழைப்பு கேட்டதும் எலிமென்ட் தன் வேலையை ஆரம்பிக்கும். போன அழைப்பு கேட்டதும் எல்லாவற்றையும் நிறுத்திச் சுத்தம் செய்யும்.

எங்கள் பொய் பிரவுசர் வந்ததை மட்டும்தான் சொல்கிறது. போனதைச் சொல்வதே இல்லை. ஓர் எலிமென்டை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்தால், நிஜ பிரவுசர் முதலில் ‘போனாய்’ என்றும் பிறகு ‘வந்தாய்’ என்றும் சொல்லும். எங்களுடையது நேரே ‘வந்தாய்’. பழைய வேலையும் ஓடுகிறது, புது வேலையும் ஓடுகிறது. ஒரே குழந்தையின் பெயர் இரண்டு முறை பதிவாகிறது.

குணா அமைச்சகத்தில் பதினைந்து வருஷமாக இருப்பவர். தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிஜமாகவே அதிர்ச்சியோடு கேட்டார். “ரிலீவ் ஆகாம எப்படிட்டி ஜாயின் பண்ண முடியும்?”

அதேதான். அட்மிஷன் சீசன் தொடங்குவதற்குள் நான் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

12 செப்டம்பர், வெள்ளி

பரிசோதனைக்கு ஓர் எலிமென்ட் செய்து அதற்கு என் பெயரையே வைத்தேன். நிஜ பிரவுசர் ஏற்கவில்லை. நாமே செய்யும் எலிமென்டின் பெயரில் நடுவே ஒரு சின்னக் கோடு இருந்தே ஆக வேண்டுமாம், ஒற்றைப் பெயர் செல்லாதாம். அட, உனக்குமா சர்நேம் வேண்டும்? மது-மதி என்று உடைத்துக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது.

18 செப்டம்பர், வியாழன்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸுக்காகவே சொன்னது. சாமி, ரித்து அரோரா மேடம். டீமின் தலைவி. நல்லவர், வேகமாக நடப்பவர், வேகமாக மறப்பவர். பூசாரி, ஷ்ரவண். நான் எழுதுவதை அவன் படித்துச் சரி என்று சொன்னால்தான் அது உள்ளே போகும். வயது இருபத்தேழு. என்னை ‘மதுமதி ஜி’ என்கிறான்.

டெல்லி பூசா ரோடில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். முதல் நாளே சொல்லிவிட்டான்: “மதுமதி ஜி, எங்காத்துல எல்லாரும் தமிழ்தான். எனக்கு ஃபுல் தமிழ் தெரியும். படிக்க மட்டும் வராது. அம்மா ஜல்தி ஜல்தி திட்டினாக்கூட எல்லாம் சமஜ் ஆயிடும்.” ‘சமஜ்’ என்றால் புரிந்துவிடுமாம். அவன் தமிழும் என் திருநெல்வேலித் தமிழும் சேர்ந்தால் கேண்டீன் பையா டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்.

26 செப்டம்பர், வெள்ளி

மாடி வீட்டு விஜயலக்ஷ்மி மாமி கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தார். மூன்று வகைச் சுண்டல். சாப்பிட்ட தெம்பில் வேலையும் நகர்ந்தது. ஓர் எலிமென்டைப் பக்கத்திலிருந்து எடுத்தால் போன அழைப்பு இப்போது ஒழுங்காகப் போகிறது.

என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க, ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வார்த்தையை அச்சிட வைத்திருக்கிறேன். மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான ஆங்கில வரிகளுக்கு நடுவே என்னுடையது தொலைந்துபோகிறது. அதனால் என் வார்த்தைகளைத் தமிழில் போட்டேன், ஆங்கில எழுத்தில். பிறந்தேன், வந்தேன், மாறினேன், வாரேன். கூட்டத்தில் நம் ஊர்க்காரர் தலை தெரிகிற மாதிரி பளிச்சென்று தெரிகிறது.

9 அக்டோபர், வியாழன்

இடம் மாற்றுவதுதான் வம்பு. ஓர் எலிமென்டுக்குள் நாலு எலிமென்ட் இருந்தால் எதற்கு முதலில் சொல்வது? ஒன்றுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது குறுக்கே பாய்ந்து இன்னொன்றைத் தூக்கிவிட்டால்? அப்போதே சொல்வதா, வரிசையில் போடுவதா?

வரிசைதான். மதர் டெய்ரி பூத்தில் பால் வாங்குவது போல, யார் கத்தினாலும் அவரவர் முறை வரும்போதுதான். அப்படி எழுதினேன். மூன்று முறை தப்பாக எழுதி நான்காம் முறை.

முன்பெல்லாம் இப்படி ஒன்று சரியாகிவிட்டால் மண்டைக்குள் ஒரு குளிர்ச்சி வரும். அது இன்று வந்தது. போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை!

16 அக்டோபர், வியாழன்

முடிந்தது. ஷ்ரவணுக்கு அனுப்பிவிட்டேன். இடம் மாற்றினால் ‘போனாய்’, பிறகு ‘வந்தாய்’. நிஜ பிரவுசர் செய்வது போலவே.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், அதிரசம் கொஞ்சம் கருகிவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் சாயங்காலம்தான் கொண்டாடுவார்கள், நாங்கள் மட்டும் விடியற்காலையில் வெடிக்கிறோம் என்று ரோஹிணிக்கு ஏகப்பட்ட பெருமை.

23 அக்டோபர், வியாழன்

திருப்பி அனுப்பிவிட்டான்.

காரணம் ஒரே வரி. எலிமென்டை இடம் மாற்றினால் வந்த அழைப்பு கூடுதலாக வருகிறதாம். பழைய சோதனை ஒன்றும் அதனால் தோற்கிறதாம்.

எங்கே வருகிறது? பத்து முறை ஓட்டிப் பார்த்தேன். வரவில்லை.

24 அக்டோபர், வெள்ளி

நேரே அவன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். என் எலிமென்டை ஒரு முறை உள்ளே வைத்து, ஒரு முறை இடம் மாற்றி, ஓட்டிக் காட்டினான். திரையில் என் வரிகள். வந்தேன், வாரேன், வந்தேன்.

“தேகியே, பாருங்கோ. மூணு தடவை” என்றான்.

“ரெண்டு தடவதான்” என்றேன்.

நடு வரியில் விரலை வைத்தான். “அப்போ இந்த லைன் ஏன் வர்றது?”

“வரணும்லா!”

“ரிமூவ் பண்றப்பவா?”

“ரிமூவ் பண்ணும்போதுதான் வரணும்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்புறம் ரொம்ப மெதுவாக, ரோஹிணியின் டீச்சர் பேசுகிற மாதிரி, ஓர் எலிமென்ட் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று எனக்குப் பாடம் எடுத்தான். அவன் சொன்னது எல்லாமே எனக்குத் தெரிந்தது. எல்லாமே சரி. அதையேதான் நான் எழுதியிருக்கிறேன்! ஒரே திரை, ஒரே மூன்று வரி. அவனுக்கு எண்ணத் தெரியாதா, எனக்குத் தெரியாதா?

30 அக்டோபர், வியாழன்

ரித்து மேடம் அறைக்குக் கூப்பிட்டார். குரல் இனிப்பாக இருந்தது. பயந்துவிட்டேன். அடிப்படை விஷயங்களைக் கொஞ்சம் திரும்பப் படித்துக்கொள், இத்தனை வருஷ இடைவெளிக்குப் பிறகு எல்லோருக்கும் இப்படித்தான், அவமானமில்லை என்றார். நவம்பர் பதினேழு வரை நேரம். அதற்குள் ஷ்ரவண் சரி என்று சொல்லாவிட்டால் நான் எழுதியதை எடுத்துவிட்டுப் பழையபடியே சீசனை ஓட்டிவிடுவார்கள். “உஸ்கே பாத், தேக்தே ஹைன்” என்றார். அதற்குப் பிறகு பார்ப்போமாம். என்ன பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா.

6 நவம்பர், வியாழன்

இல்லாத தப்பை எங்க போய்த் தேடுறது? மொத்தத்தையும் ரெண்டு தடவை அழிச்சு எழுதியாச்சு. ரெண்டு தடவையும் அதே மூணு வரிதான் வருது, ரெண்டு தடவையும் அவன் வேண்டாங்கான். நெசமாவே மண்ட மழுங்கிப் போச்சா எனக்கு? சாம்பார்ல உப்பு போட்டமா இல்லையான்னு சந்தேகம் வந்தாலே இப்ப அழுக வருது. குணாட்ட எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவர் சொதி சாப்பிட்டு நாளாச்சேன்னுதான் கேட்டார்.

11 நவம்பர், செவ்வாய்

காற்று கெட்டுவிட்டது. ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக் தெரியவில்லை. ஆபீஸ் வரவேண்டாம், வீட்டிலிருந்தே வேலை என்று உத்தரவு.

மாலை ஷ்ரவண் போன் செய்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா, இரண்டு பேரும் உட்கார்ந்து கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம், முடியாவிட்டால் சேர்ந்தே எடுத்துவிடலாம், நீங்கள் தனியாக எடுக்க வேண்டாம் என்றான். இந்த நல்ல மனசுக்காகவே அவன்மீது இன்னும் கோபம் வந்தது. வா என்றேன். வேறென்ன சொல்ல?

15 நவம்பர், சனி

இதை முழுசாக எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

ஷ்ரவண் மெட்ரோவில் முகமூடியோடு வந்தான். காலை முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்தோம். அதே மூன்று வரி, அதே சண்டை. அவன் மூன்று என்றான், நான் இரண்டு என்றேன். குணா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, இது குடும்பச் சண்டையைவிட மோசமாக இருக்கிறதே என்று அடுப்படிக்குள் போய்விட்டார். சொதி அவர் செய்ததுதான். தேங்காய்ப்பாலை மூன்று முறை பிழிந்து, இஞ்சித் துவையலோடு. ஷ்ரவண் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதை மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி எண்ணினோம்.

சாப்பிட்டு முடித்ததும் கை கழுவிக்கொண்டே சொன்னான். “மதுமதி ஜி, கோச்சுக்காதீங்கோ. எடுத்துடலாம்.”

சரி என்றேன். திங்கட்கிழமை நான் எடுத்துவிடுகிறேன், இன்று வேண்டாம் என்றேன். அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் ஷூவைப் போட ஆரம்பித்தான்.

“ஓகே, நான் போறேன்” என்றான்.

என்னதான் வருத்தமாக இருந்தாலும் காது பொறுக்குமா? “நல்ல நாளும் அதுவுமா போறேங்காதே. வாரேன்னு சொல்லு” என்றேன்.

“எங்கே வரணும்?”

“எங்கயும் வர வேண்டாம். கெளம்பும்போது வாரேன்னுதான் சொல்லணும். போறேன்னு சொல்லப்படாது.”

“வரேன்னா கமிங் தானே?” என்றான். “எங்காத்துல எல்லாரும் ‘பை’தான் சொல்லுவா.”

ஒரு காலில் ஷூ, ஒரு கால் காற்றில். அப்படியே நின்றுவிட்டான். நானும் நின்றுவிட்டேன். யார் முகத்தில் முதலில் அது எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

“மதுமதி ஜி,” என்றான், “அந்த நடு லைன்…”

“அது போறப்ப சொல்லுறது!” என்று கத்தினேன். “வாரேன்னா போறேன்னு அர்த்தம்!”

“ஹே பக்வான்” என்று அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மூன்று வாரம்! வந்தேன், வருகிறேன், வந்தேன் என்று படித்திருக்கிறான். மூன்றும் வருகை. நான் படித்தது வந்தேன், கிளம்புகிறேன், வந்தேன். யாருக்குமே எண்ணத் தெரியாமல் இல்லை. அந்த வார்த்தையை யோசித்துக்கூட நான் போடவில்லை. எலிமென்ட் போகிறது, போகிறவர்கள் என்ன சொல்வார்கள், வாரேன் என்பார்கள், கை தானாக அடித்துவிட்டது. ஆபீஸில் வேறு யாராக இருந்தாலும் இது என்ன பாஷை, என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டிருப்பார்கள். தமிழ் தெரிந்தவன் ஆனதால் அவன் கேட்கவில்லை. அவனுக்குத்தான் தமிழ் தெரியுமே என்று நானும் விளக்கவில்லை.

குணா கரண்டியோடு ஓடி வந்தார், யாராவது விழுந்துவிட்டார்களா என்று. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் ரொம்ப சீரியஸாக, “வாரேன்னு சொல்லிட்டுப் போறதுதானே மரியாத. ஒன்னோட எலிமென்டு நம்ம ஊரு எலிமென்டுல்லா” என்றார்.

ஷ்ரவண் ஷூவைக் கழற்றிவிட்டுத் திரும்ப மேஜைக்கு வந்தான். அதே எலிமென்டை நிஜ பிரவுசரில் ஓட்டினோம். அதே மூன்று வரி, அதே வரிசை. அப்படியென்றால் பழைய சோதனை ஏன் தோற்கிறது? அதைத் திறந்து படித்தான். பொய் பிரவுசர் தப்பாக நடந்த காலத்தில், அந்தத் தப்பையே சரி என்று வைத்து எழுதப்பட்ட சோதனை அது. அவனே திருத்தினான். எல்லாச் சோதனையும் தேறிப் பச்சை காட்டியது.

கிளம்பும்போது கதவருகில் நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி “வாரேன்” என்றான். திருநெல்வேலித் தமிழில்!

17 நவம்பர், திங்கள்

நான் எழுதியது உள்ளே போய்விட்டது. ஷ்ரவண் சாயங்காலம்வரை காத்திருக்காமல் காலையிலேயே சரி சொல்லிவிட்டான். நடந்ததைப் போன் கூட்டத்தில் எல்லோருக்கும் அவனே சொன்னான், தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு. ரித்து மேடம் சிரித்துச் சிரித்து இருமினார். “நாங்களும் ‘ஜாதா ஹூன்’ என்று சொல்ல மாட்டோமே, ‘சல்தா ஹூன்’ என்றுதானே சொல்கிறோம்” என்றார். இந்தியிலும் போகிறேன் என்னாமல் நடக்கிறேன் என்பார்களாம். பிறகு குரலை மாற்றி, இனிமேல் அந்த வரிகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் என்று உத்தரவு போட்டார். நியாயம்தான்.

அடிப்படையைத் திரும்பப் படி என்று சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. மறந்திருப்பார். நான் மறக்கவில்லை, ஆனால் கோபமும் இல்லை.

26 நவம்பர், புதன்

பக்கங்கள் வெளியே போய்விட்டன. கடைசிச் சோதனையில் ஒரு குழந்தையும் இரண்டு முறை பதிவாகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி சொதி. குணாவுக்கு இது ஒரு சாக்கு.

8 டிசம்பர், திங்கள்

வைத்துக்கொண்டார்கள்.

ரித்து மேடம் நடந்துகொண்டே சொன்னார், லிஃப்ட் வந்துவிட்டதால் முழுசாகக்கூடச் சொல்லவில்லை. பாராகம்பா மெட்ரோ ஸ்டேஷனில் ஓரமாக நின்று அழுதேன். யாராவது பார்த்திருந்தாலும் புகையில் கண் எரிகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த ஊர்க் காற்றுக்கு முதன்முறையாக நன்றி.

16 டிசம்பர், செவ்வாய்

ஆபீஸில் உட்கார்ந்தே எழுதுகிறேன். பொய் பிரவுசரை இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில் யார் கை வைத்தாலும் முதலில் என்னிடம் காட்ட வேண்டும் என்று ரித்து மேடம் போன வாரம் சொல்லிவிட்டார். அப்படி முதலாவதாக வந்திருப்பது ஷ்ரவண் எழுதியது.

படித்தேன். ஒரு வரி தப்பு என்று தோன்றியது. தப்பு என்று எழுதத் தொடங்கிவிட்டு, அழித்துவிட்டு, எழுந்து அவன் மேஜைக்குப் போய் “இது எதுக்கு?” என்று கேட்டேன். சொன்னான். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு நாலு வரி கீழே இருந்தது சரியில்லை, வரிசை மாறிப் போயிருந்தது. காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அரே, ஆமா ஜி” என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

இப்போது திருத்திக்கொண்டிருக்கிறான். அவசரமில்லை, சாவகாசமாகச் செய் என்று சொல்லிவிட்டு வந்தேன். பையா டீ கொண்டுவந்து வைத்திருக்கிறார்.